முப்பத்து நான்கு இஞ்சி மரப்பா

எங்கள் கம்பெனி பஸ் ஒருநாள் வேலைக்குப் போகாமல் கடற்கரைக்குப் போய்விட்டது. அந்தக் கதையை இன்றைக்கும் கேன்டீனில் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவரவர் வசதிக்குத் தகுந்தபடி. நான் அன்று வண்டியில் முதல் சீட்டில் இருந்தவள். ஆகவே நான் சொல்வதுதான் சரி.

என் பெயர் கண்ணகி. மறைமலைநகரில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. பத்தொன்பது வருடமாகக் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் அதையே சம்பளம் இல்லாமல் செய்வதாக என் வீட்டுக்காரர் சொல்வார். அது அவர் பிரச்சினை.

வண்டியை ஓட்டியவன் பெஞ்சமின். நாற்பத்தொரு வயது. அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டீரிங்கில் கை வைத்தவன் இவன்தான். கனரக லைசென்ஸ் கிடைத்த அன்று அதை நகல் எடுத்து, பிரேம் போட்டு, இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டினானாம். அவன் மனைவி ரெபேக்காள், "ரெண்டுல எதுக்கு மெழுகுவத்தி ஏத்தணும்?" என்று கேட்டிருக்கிறாள்.

மாமல்லபுரத்தில் கிளம்பும் வண்டி, திருக்கழுக்குன்றத்தில் என்னை ஏற்றிக்கொண்டு, செங்கல்பட்டு வழியாக மறைமலைநகர் போகும். அன்று விடியற்காலை நான் ஏறினேன், உட்கார்ந்தேன், வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன். முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். பெஞ்சமின் வண்டியைத் திருப்பி, வந்த வழியே கிழக்கே ஓட்டியதை ஒருவரும் கவனிக்கவில்லை. வண்டி நின்றது. "கம்பெனி வந்துடுச்சி, எறங்குங்க" என்றான். பாதிப் பேர் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி மணலில் நடந்து போனார்கள், பஞ்ச் பண்ணும் மெஷினைத் தேடிக்கொண்டு. எதிரே சூரியன் உதித்துக்கொண்டிருந்தது.

"இன்னா நைனா, கம்பெனிய இடிச்சிட்டு கடல வுட்டுட்டாங்களா?" என்று கேட்டது ஸ்டோர்ஸ் வாசுதேவன். கடைசி சீட்டுக்காரர். ஏறியதிலிருந்து இறங்கும் வரை பேசுவார், தூக்கத்திலும் பேசுவார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பெஞ்சமின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. கண் இரண்டும் சிவந்து, தாடை அரைத்துக்கொண்டே இருந்தது. மூன்று நாளாக அவன் தூங்கவில்லை. முப்பத்து நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அப்படியே ஓட்டியிருக்கிறான்.

விஷயம் இதுதான். பஸ் காண்ட்ராக்டர் தமிழ்வாணன், ஆள் இல்லை என்று அவனுக்கு டபுள் டூட்டி போட்டார். அப்புறம் அதற்கு மேலும் போட்டார். தூக்கம் வராமலிருக்க, ஹைவேயில் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒருவன் விற்ற மாத்திரையை பெஞ்சமின் வாங்கிப் போட ஆரம்பித்தான். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மாத்திரைக்காகவே டூட்டி கேட்டு வாங்கினான். ஏழு மாதம். அவனுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்த தரக் கட்டுப்பாட்டு நிபுணி, அதாவது நான், கண்டுபிடிக்கவில்லை.

ஸ்டீரிங் போயிற்று. ரெபேக்காள் அவனைச் செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தமிழ்வாணன் ஒரு கெடு வைத்தார்: அறுபது நாளில் டாக்டரிடம் 'வண்டி ஓட்டலாம்' என்று கடிதம் வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் புது டிரைவரே நிரந்தரம். அதுவரை வேண்டுமானால் அதே பஸ்ஸில் கதவு திறந்துவிடும் வேலை பார்க்கலாம்.

மாத்திரையை விட்டால் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும் என்று நினைத்துக்கொண்டு நான் அவன் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். அப்படி ஒன்றும் இல்லை. ஐயா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"யக்கா, நாலு நாளா தூங்கிகினே கீறாரு. எழுந்தா எட்டு இட்லி, மறுபடி தூக்கம். கல்யாணம் ஆன புதுசுல கூட இவ்ளோ நேரம் வூட்ல இருந்ததில்ல" என்றாள் ரெபேக்காள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தூங்கி முடித்த பிறகுதான் பேஜாரு ஆரம்பித்தது. பிரியாணி அவனுக்கு வெறும் சோறாக இருந்தது. பால் வாங்கப் போனவன் துடைப்பத்தோடு வந்தான். இரண்டு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எதைப் போடுவது என்று அரைமணி நேரம் நின்றான். ரெபேக்காள் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள்.

இருபதாம் நாள் பஸ்ஸுக்குத் திரும்பி வந்தான். கதவைத் திறந்து, தலையை எண்ணி, கதவைச் சாத்தினான். தன் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்திருப்பதை மட்டும் அவன் பார்க்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. மனசு கேட்காதபோது நான் ஏதாவது ஏற்பாடு செய்வேன். அதுதான் என் வியாதி.

எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குக் கல்யாணம் என்றாலும், குழந்தை பாஸானாலும், முதல் இனிப்பு வண்டிக்காரனுக்கு. அவன் வேண்டாம் என்று சொல்லவே கூடாது. சொன்னால் அன்றைக்குப் பயணம் விளங்காது. சர்க்கரை வியாதிக்கார டிரைவர் ஒருவர்கூட முன்பு லட்டை வாங்கி டேஷ்போர்டில் வைத்து, ஓடும் வண்டியின் பிள்ளையாருக்குப் படைத்தார். பெஞ்சமினுக்குப் பிடித்தது எது என்று எங்களுக்குத் தெரியும். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு சிக்னலில் ஒருவர் கூடையோடு ஏறி, "மரப்பே... இஞ்சி மரப்பே!" என்று கூவுவார். பெஞ்சமின் தினமும் ஒரு பாக்கெட் வாங்குவான். வண்டி ஓட்டும்போது அவன் வாயில் எப்போதும் ஒரு மரப்பா இருக்கும்.

ஆகவே நான் எழுந்து நின்று சொன்னேன். "தம்பி ரொம்ப சோர்ந்து கெடக்கறான். நாளையிலேர்ந்து ஏறும்போது ஆளுக்கு ஒரு இஞ்சி மரப்பா குடுப்போம். அந்தப் பாழாப்போன மாத்திரைய மறந்துடுவான்."

பஸ் கைதட்டியது. மறுநாளிலிருந்து முப்பத்து நான்கு பேர், முப்பத்து நான்கு மரப்பா. யாராவது மறந்துவிட்டால் நான் என் பையிலிருந்து கொடுத்து ஈடுகட்டினேன். பெஞ்சமின் ஒவ்வொன்றையும் வாங்கினான், "தேங்ஸ்க்கா" என்றான், காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பை தொங்கியது. எறும்பு வந்தது. "மெதுவா தின்னு, யாரும் புடுங்க மாட்டாங்க" என்று நானே கேலி செய்தேன். அவன் ஒன்றையாவது வாயில் போட்டு நான் பார்க்கவில்லை. இதையும் கவனிக்கவில்லை பாருங்கள், நிபுணி.

நாற்பத்தேழாம் நாள் மருத்துவமனையில் ஒரு ஸ்கேன். அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கீர்த்தனா ஓர் ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார்: இந்த மாதிரி மாத்திரையை நிறுத்திய முதல் சில வாரங்களில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று. பெஞ்சமின் சம்மதித்திருந்தான். ரெபேக்காளுக்கு அன்று ஓட்டல் சமையலறையில் லீவு கிடைக்காததால் துணைக்கு நான் போனேன்.

மெஷினுக்குள் படுக்க வைத்து ஒவ்வொரு படமாகக் காட்டுவார்கள். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது மாத்திரை போட எவ்வளவு ஆசை வருகிறது என்று பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்று என்றால் ஆசையே இல்லை. நான்கு என்றால் தாங்க முடியவில்லை. அரைமணி நேரம் கழித்து பெஞ்சமின் வெளியே வந்தான். பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொள்ளாத பையன் மாதிரி ஒரு முகம்.

டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கல்பாக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு தாள்.

"மாத்திரை படம் பன்னெண்டு காட்டினேன். பன்னெண்டுக்கும் ஒண்ணுதான் அழுத்தியிருக்கீங்க. சந்தோஷம். நடுவுல சும்மா சாதாரண படங்களும் வரும். சீப்புக்கு ஒண்ணு, குடைக்கு ஒண்ணு, ஊதுவத்திக்கு ஒண்ணு. சின்ன வயசுல நான் விரும்பிச் சாப்பிட்டதுன்னு இஞ்சி மரப்பா படத்தையும் அதுல போட்டிருந்தேன். நாலு தடவை அது வந்தது. நாலு தடவையும் நாலு அழுத்தியிருக்கீங்க. என்ன பெஞ்சமின் இது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அவனுக்கு அதுன்னா உசுரு மேடம். தெனமும் நாங்கதான் குடுக்கறோம்" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

பெஞ்சமின் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"மாத்திரை கசக்கும் மேடம்" என்றான். "மரப்பாவ நசுக்கி, உள்ள வெச்சி முழுங்குவேன். ஏழு மாசமும் அப்டித்தான். அந்த இஞ்சி வாசன வந்தாலே போதும், உடம்பு ரெடியாயிடும். மாத்திரை படத்துக்கு ஒண்ணு அமுக்கணும்னு வூட்லயே முடிவு பண்ணிகினு வந்தேன். மரப்பா வரும்னு எனக்கு இன்னா தெரியும்? வெரலு பாட்டுக்கு அமுக்கிடுச்சி."

எனக்கு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. இருபத்தேழு நாள். அதில் வேலை நாளை மட்டும் கணக்குப் பார்த்தாலும் ஒரு நாளைக்கு முப்பத்து நான்கு மரப்பா. ஒருவனை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க மாட்டேன்.

"வாய் இருந்துச்சே உனக்கு? வேணாம்னு சொல்லக் கூடாதா?" என்று அவன்மேலேயே பாய்ந்தேன்.

"எப்டிக்கா சொல்றது? பஸ்ல குடுக்கற இனிப்ப வேணான்ற பழக்கம் கீதா? அதுவும் எல்லாரும் சிரிச்சிகினே குடுக்கறாங்க. அம்மாம் பேர ஏத்திகினு கடலுக்குப் போனவன் நானு. எந்த மூஞ்சிய வெச்சிகினு வேணாம்பேன்?"

பிறகு மெதுவாக இன்னொன்றையும் சொன்னான். "ஒருநா சாயந்திரம் டீக்கு நிறுத்தினப்போ நான் லேட்டா வந்தேனே, நீ திட்டினியே... அன்னிக்கு லாரி நிக்கற எடத்துக்குதான் போனேன். மரப்பாவ பிரிச்சி கைல வெச்சிகினு நிக்கறேன். மாத்திரதான் பாக்கி. அப்பதான் நம்ம பஸ்ஸு ரெண்டு ஹாரன் அடிச்சிது. தலைய எண்ணி கதவ சாத்தறது என் வேலையாச்சே, நான் இல்லாம வண்டி கெளம்பாது. வந்துட்டேன்."

அன்று ஹாரனை அடிக்கச் சொன்னது நான்தான், கோபத்தில். என் வாழ்க்கையில் நான் பட்ட கோபங்களிலேயே உருப்படியானது அது ஒன்றுதான்.

டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு பழைய தாளின் பின்புறத்தில் மூன்று வட்டம் போட்டார். "மூளை கூட்டணி கூட்டணியாத்தான் வேலை செய்யும். இது ஒரு கூட்டணி, சும்மா இருக்கும்போது பழசையெல்லாம் நினைச்சுக்கிட்டே இருக்கும். இது இன்னொண்ணு, எது முக்கியமோ அதைப் பார்த்ததும் மணி அடிக்கும். மூணாவது, மனசைக் கட்டுப்படுத்தி ஒரு வேலையில நிறுத்தும். சாதாரணமா மணி அடிச்சா முதல் கூட்டணி வாயை மூடிக்கும், மூணாவது கூட்டணி வேலையைப் பார்க்கும். மாத்திரையை நிறுத்தின புதுசுல இந்த ஏற்பாடு குழம்பிப்போயிருக்கும். சாப்பாடு, பொண்டாட்டி சிரிப்பு இதுக்கெல்லாம் மணி அடிக்காது. மாத்திரையோட சேர்ந்து வந்த எதைப் பார்த்தாலும் அடிக்கும். பழைய நினைப்பு வாயை மூடாது. கட்டுப்படுத்தற கூட்டணிக்கு அந்த நேரம் பார்த்து பலம் பத்தாது."

பெஞ்சமின் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பல நாள் கழித்து அவன் முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது.

"புரிஞ்சிடுச்சி மேடம். நம்ம பஸ்ஸேதான். கடைசி சீட்ல பேசிகினே வர்றது வாசுதேவன் அண்ணாத்த. எதுக்கெடுத்தாலும் நிறுத்து நிறுத்துன்னு கத்தறது கண்ணகிக்கா. ஸ்டீரிங்ல தூங்கி வழியறது நானு."

"நான் எதுக்கெடுத்தாலும் கத்தறேனா?" என்று கத்தினேன். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இது சரியாவுமா மேடம்?" என்று கேட்டான் பெஞ்சமின்.

"ஆகும். பெரும்பாலானவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஆகும். வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகலாம். ஒரே சீரா ஆகாது. நல்லா இருக்கிற மாதிரி இருக்கும், திடீர்னு ஒருநாள் நாலு வரும். வரட்டும். வந்தா சொல்லணும், அவ்வளவுதான்."

"அப்ப லெட்டரு? ஸ்கேன் கெட்டுப்போச்சே?"

"இந்தப் படத்தைப் பார்த்து நான் யாருக்கும் ஸ்டீரிங் குடுக்கறதில்லை. இது ஆராய்ச்சி. கடிதத்துக்கு வாராவாரம் சிறுநீர் பரிசோதனை, ஒழுங்கான தூக்கம், கவனம் எப்படி இருக்குன்னு சில சோதனை. அப்புறம் நீங்க என்கிட்ட உண்மை பேசறது."

"அப்ப நான் பன்னெண்டு தபா பொய் அமுக்கினது வேஸ்ட்டா?"

"முழு வேஸ்ட்டு" என்றார் டாக்டரம்மா. அறுபதாம் நாள் கடிதம் கிடையாது, தொண்ணூறாம் நாள் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த முப்பது நாளை வாங்க நான் தமிழ்வாணன் ஆபீசுக்குப் போனேன். "கெடு கெடுதாம்மா, நான் இன்னா பண்றது?" என்றார். "டபுள் டூட்டிக்கு மேல டூட்டி போட்ட சீட்டெல்லாம் வெச்சிருக்கறானாம் பெஞ்சமினு. கம்பெனி எச்.ஆரு கிட்ட போலாமா அண்ணாத்த?" என்று கேட்டேன். அப்படி ஒரு சீட்டும் அவன் வைத்திருக்கவில்லை. முப்பது நாள் கிடைத்தது.

அதைவிடக் கஷ்டமான வேலை பஸ்ஸில் இருந்தது. மறுநாள் காலை எல்லோரும் கையில் மரப்பாவோடு ஏறினார்கள். நான் எழுந்து நின்றேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்து நாம் எல்லோரும் இவன் வாயருகே மாத்திரையைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் நீட்டியிருக்கிறோம், அதை ஆரம்பித்து வைத்தவள் நான், என்னை மன்னித்துவிடு பெஞ்சமின் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பத்தொன்பது வருடத்தில் நான் மன்னிப்புக் கேட்டு அந்த பஸ் பார்த்ததில்லை. வாசுதேவன்கூட செங்கல்பட்டு வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு அவர்தான் தன் மரப்பாவை ஜன்னல் வழியே எறிந்தார். முப்பத்து நான்கும் காற்றில் போயிருக்கும், நான் தடுத்தேன். ரோட்டில் குப்பை போடக்கூடாது. என் பையில் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் செங்கல்பட்டு சிக்னலை ஜன்னல் வழியே எறிய முடியாது. கூடைக்காரர் ஏறத்தான் செய்வார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. அவர் ஏறி இஞ்சி வாசனை பரவியதும் பெஞ்சமினின் கை கதவுக் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் மெதுவாகக் கேட்டேன், "எவ்ளோ?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "நாலுக்கா."

"செரி. உக்காரு. வூட்ல இன்னா நாஸ்தா?"

"பூரி."

"எத்தினி?"

"அதுவும் நாலுதான்."

அன்றிலிருந்து அது தினசரி வேலை ஆகிவிட்டது. சிக்னல் வரும், கூடை ஏறும், நான் எண் கேட்பேன். நாலு. நாலு. மூணு. நாலு. நடுவில் ஒரு திங்கட்கிழமை ரெண்டு என்றான், மறுநாளே நாலுக்கு ஏறிவிட்டது; அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. கொஞ்ச நாளில் பின் சீட்டுகளும் காதைத் தீட்டிக்கொண்டன. ஒருநாள் மூன்று என்றதும் வாசுதேவன் கடைசி வரிசையிலிருந்து, "நேத்திக்கி இன்னாப்பா?" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விசாரித்தார். பிரியாணி எப்போது ருசித்தது என்று எனக்குத் தேதியோடு தெரியும். எழுபத்தோராம் நாள், ஞாயிறு. ரெபேக்காள் போன் செய்து, "யக்கா, உப்பு கம்மின்னு திட்னாருக்கா!" என்று அழுதாள்.

தொண்ணூறாம் நாள் கடிதம் வரவில்லை. தொண்ணூற்றாறாம் நாள் வந்தது. அந்த ஆறு நாளுக்காக, இல்லாத சீட்டுகளைத் தமிழ்வாணனுக்கு இன்னொரு தடவை ஞாபகப்படுத்தினேன். டபுள் டூட்டி போடக்கூடாது என்று கீழே ஒரு வரி. தமிழ்வாணன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

மறுநாள் திருக்கழுக்குன்றத்தில் நான் ஏறியபோது டிரைவர் சீட்டில் பெஞ்சமின். முதல் ஷிஃப்டு வரலாற்றில் ஒருவரும் தூங்காத பயணம் அதுதான். ரெபேக்காள் கொடுத்தனுப்பிய காராசேவு டேஷ்போர்டில் பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் நடுவில் இருந்தது. வண்டி கிளம்பியது. கிழக்கே திரும்பாமல் மேற்கே திரும்பியபோது முப்பத்து நான்கு பேரும் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

செங்கல்பட்டு வந்தது. சிக்னலில் சிவப்பு. கதவு திறந்தது, கூடை ஏறியது. "மரப்பே... இஞ்சி மரப்பே!"

பெஞ்சமினின் இரண்டு கையும் ஸ்டீரிங்கை இறுக்கின. அவன் பிழைப்பு, அந்த பிரேம் போட்ட லைசென்ஸ், எங்கள் முப்பத்து நான்கு பேர் உயிர், எல்லாம் அந்த இரண்டு கையில் இருந்தது. இப்போது கேட்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

"எவ்ளோ பெஞ்சமினு?"

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பின்னால் எல்லோரையும் பார்த்தான். ஒன்று என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நாள் அவனுக்குக் கிடைக்காது. எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். நான் மட்டும் அதை நம்பாமல் கீழே இறங்கி மின்சார ரயிலைப் பிடித்திருப்பேன்.

"ரெண்டுக்கா" என்றான்.

பச்சை விழுந்தது. நான் சீட்டில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, மறைமலைநகர் வரை நன்றாகத் தூங்கினேன்.